ஐந்து டாலர் அபராதமும் ஒரு நாட்குறிப்பும்

வீட்டுக்கல்வி பற்றி எங்கே வாதம் நடந்தாலும் யாராவது ஒருவர் ‘விஸ்கான்சின் எதிர் யோடர்’ வழக்கை எடுத்துப் போட்டுவிடுவார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1972-ல் சொல்லிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு என்ற தோரணையில். எதிரே இருப்பவர், அது மதம் சம்பந்தப்பட்ட வழக்கு, நமக்கு எதற்கு என்று தள்ளிவிடுவார். இரண்டு பேருமே தீர்ப்பை முழுவதும் படித்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். படித்திருந்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் பட்டிருக்கும்: வழக்கில் வரும் பிள்ளைகள், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பிள்ளைகள், எட்டாண்டு பள்ளிக்குப் போனவர்கள். சண்டை முழுவதும் அதற்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளைப் பற்றியது. இன்னொன்று, கொஞ்சம் நிதானமாகப் படித்தால் தெரியும். அரசியல் சாசனம், மதச் சுதந்திரம் என்ற பெரிய சொற்களுக்கு அடியில் கிடப்பது, ஒரு சிற்றூரில் சில வீடுகளுக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கும் இடையில் மூண்ட மனக்கசப்பு.

ஆகவே இந்த வழக்கைச் சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் எழுதப் போவதில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே என்ன நடந்தது, எங்கே பேச்சு அறுந்தது என்று பார்க்கிறேன்.

ஊரும் குடியேறியவர்களும்

விஸ்கான்சின் மாநிலத்தின் தெற்கே, கிரீன் கவுண்டியில் நியூ கிளாரஸ் என்று ஓர் ஊர். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் 1845-ல் உண்டாக்கியது. மாடு, பால், பாலாடைக்கட்டி என்று வளர்ந்த ஊர். 1960-களில் இதன் சுற்றுவட்டாரத்தில் நிலம் வாங்கி ஆமிஷ் குடும்பங்கள் சில குடியேறின. வேரைத் தேடிப் போனால் அவர்களும் சுவிஸ் மண்ணில்தான் போய் நிற்பார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தபின் அறிந்து பெறுவதே செல்லும் என்று 1525-ல் சூரிச் நகரில் கிளம்பிய கூட்டத்தின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தை எதிர்த்து நின்ற சூரிச் மதகுரு ஸ்விங்லி, அதற்கு முன் பத்தாண்டு குருவாக இருந்த ஊர் எது தெரியுமா? கிளாரஸ். ஏறத்தாழ 450 ஆண்டு கழித்து, கடல் கடந்து, கிளாரஸின் பெயரைச் சுமந்த ஊரிலேயே அவர்களுக்குத் தகராறு வாய்த்தது. இதற்கும் வழக்குக்கும் தொடர்பு ஏதும் இல்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

1693-ல் யாக்கோபு அம்மான் என்பவருக்குப் பின்னால் பிரிந்து போனதால் ஆமிஷ் என்ற பெயர். கார் வைத்துக்கொள்வதில்லை, பொது மின்கம்பியை வீட்டுக்குள் இழுப்பதில்லை. குதிரை வண்டி, உழவு, தச்சு. வீட்டுக்குள் ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு, வெளியாரோடு ஆங்கிலம். ‘இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்’ என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வரும் வசனத்தை அவர்கள் வாழ்க்கை விதியாகவே வைத்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்த வசனத்தைக் குறிப்பிடுகிறது.

இவர்கள் படிப்புக்கு எதிரிகள் என்று நினைத்தால் தவறு. வேதாகமம் வாசிக்க வேண்டும், கணக்கு வழக்குத் தெரிய வேண்டும், வெளியாரோடு கொடுக்கல் வாங்கல் செய்யத் தெரிய வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்பு போதும் என்பது அவர்கள் முடிவு. அதற்கு மேல் ஏட்டுச் சுரைக்காய். ஏர் பிடிப்பதையும் பால் கறப்பதையும் அடுப்படியையும் அப்பனிடமும் ஆத்தாளிடமும்தான் கற்க வேண்டும். அதற்குரிய வயது பதினான்கு, பதினைந்து. அந்த வயதில் பிள்ளையைக் கொண்டுபோய் உயர்நிலைப் பள்ளியில் விட்டால், அது போட்டி போடவும் தனியாகத் தெரியவும் உலகத்தில் பேர் எடுக்கவும் கற்றுக்கொண்டு வரும். ஞானஸ்நானம் பெறலாமா என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும் வயதும் அதுதான். இதில் அவர்களுக்கு ஒளிவுமறைவு கிடையாது. எங்கள் பிள்ளை எங்களைவிட்டுப் போய்விடும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

(நம் நாட்டின் கல்வி உரிமைச் சட்டம், 2009-ல் நிறைவேறியது, ஆறு முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு முடிய என்று கோடு போட்டிருக்கிறது. ஆமிஷ் போட்ட கோடும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுகிறது. ஒரே கோட்டை ஓரிடத்தில் அரசு போட்டால் உரிமை. இன்னோர் இடத்தில் குடியானவன் போட்டால் குற்றம்.)

ஓராசிரியர் பள்ளி போன கதை

பல தலைமுறைகளாக ஆமிஷ் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். அப்போதெல்லாம் பெரிய தகராறு இல்லை. பள்ளி என்பது வயலோரத்தில் ஒரே அறை. எட்டு வகுப்பும் அந்த அறையிலேயே. ஒரே ஆசிரியை. பள்ளிக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து வயல்காரர். டீச்சரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், மாலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் போதும். பள்ளியில் என்ன நடக்கிறது என்பது வீட்டுக்குத் தெரியும். வீட்டில் அறுவடை நடக்கிறது என்பது பள்ளிக்குத் தெரியும்.

1930-ல் அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. 1960-ல் இருபதாயிரம். 1970-ல் இரண்டாயிரத்துக்கும் கீழே. ஊர்ப் பள்ளிகளை மூடிச் சேர்த்துக் கட்டிடம் கட்டி, மஞ்சள் பஸ்ஸில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் முறை வந்தது. ஆய்வுக்கூடம் வந்தது, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்தார். நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெற்றோருக்குத் தெரிந்த டீச்சர் போய், பெயர் தெரியாத பல ஆசிரியர்களும் அவர்களுக்கு மேலே ஒரு நிர்வாகியும் வந்தார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான பேச்சு காகிதத்தில் நடக்கத் தொடங்கியது. இந்த வழக்கை விளக்க எழுதப்பட்ட அரசியல் சாசன உரைகளைவிட இந்த மூன்று எண்களே எனக்கு அதிகம் சொல்கின்றன.

பஸ்ஸில் ஏற்ற மறுத்த ஆமிஷ், தங்களுக்கென்று ஓரறைப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தது அவர்கள் வீட்டுப் பெண்களே. எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். ஆசிரியர் சான்றிதழ் எங்கே என்று அரசு கேட்டது. அயோவா மாநிலத்தில் இது உச்சத்துக்குப் போனது. 1965 நவம்பரில் ஹேசல்டன் அருகே, ஆமிஷ் பள்ளிக்கு வெளியே அதிகாரிகள் பஸ்ஸோடு வந்து நின்றார்கள், பிள்ளைகளை நகரப் பள்ளிக்குக் கொண்டுபோக. பிள்ளைகள் பக்கத்துச் சோளக்கொல்லைக்குள் பாய்ந்து ஓடினார்கள். கறுப்புத் தொப்பியும் நீள அங்கியுமாகப் பிள்ளைகள் ஓடும் புகைப்படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்தப் படத்துக்கு முன்னால் எந்தக் கல்வி அதிகாரியின் விளக்கமும் எடுபடவில்லை. 1967-ல் அயோவா தன் சட்டத்தில் ஆமிஷுக்கு விலக்களித்தது.

செப்டம்பர் கணக்கு

இனி நியூ கிளாரஸ். 1968-ல் அங்கிருந்த ஆமிஷ் குடும்பங்களும் தங்கள் சொந்தத் தொடக்கப் பள்ளியைத் திறக்க முடிவுசெய்தார்கள். அதுவரை அரசுப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் மொத்தமாக நின்றுவிடுவார்கள்.

விஸ்கான்சினில் பள்ளிகளுக்கு மாநில அரசு தரும் மானியம் தலைக்கணக்கில் வருவது. செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமையன்று எத்தனை பிள்ளைகள் பதிவில் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பணம். ஆமிஷ் பிள்ளைகள் விலகியதால் பள்ளிக்கு 18,000 டாலர் அளவுக்கு இழப்பு என்று ஆமிஷ் தரப்புக்குத் துணைநின்றவர்கள் பின்னாளில் எழுதினார்கள். அவர்கள் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. கணக்கெடுக்கும் நாள் வரைக்கும் மட்டும் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதன்பிறகு உங்கள் பள்ளியைத் திறந்துகொள்ளுங்களேன் என்று பள்ளி நிர்வாகி கேட்டாராம். அது ஏமாற்று வேலை என்று ஆமிஷ் மறுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் அந்த நிர்வாகியை வில்லனாக்கிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பள்ளி நிர்வாகத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கோரிக்கை அவ்வளவு விநோதமாகப் படாது. வருகைப் பதிவேட்டில் தலை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும் என்ற கவலை நம் ஊர்த் தலைமையாசிரியர்களுக்குத் தெரியாததா? ஜூன் மாதத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்கிறவர்கள்தானே. அவர் கேட்டது, அவருடைய உலகத்தில், ஒரு நடைமுறை ஏற்பாடு. கேட்கப்பட்டவர்களின் உலகத்தில் அது பொய்ச்சாட்சி. ஒருவர் மற்றவரின் வீட்டுக்குப் போய்வந்த காலமாக இருந்திருந்தால், இதைக் கேட்கலாமா கூடாதா என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது; தனியார் பள்ளி நடத்துவது அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஆனால் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு எந்தப் பள்ளியிலும் சேராமல் வீட்டில் இருந்த பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். மாநிலச் சட்டம் 16 வயது வரை பள்ளி கட்டாயம் என்றது. பள்ளி நிர்வாகியின் புகாரின் பேரில் மூன்று தந்தையர் மீது வழக்குப் பதிவானது. ஜோனஸ் யோடர், வாலஸ் மில்லர் இருவரும் பழைய ஒழுங்கு ஆமிஷ் சபையினர். ஆடின் யுட்சி கொஞ்சம் தளர்ந்த ஆமிஷ் மெனனைட் சபையைச் சேர்ந்தவர். யோடரின் மகள் ஃப்ரீடாவுக்கு 15 வயது. மில்லரின் மகளுக்கும் அதே வயது. யுட்சியின் மகனுக்கு 14.

அடிக்குறிப்பில் கிடந்த தீர்வு

உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மூன்றாவது அடிக்குறிப்பு. வாதம் செய்கிறவர்கள் அதை எடுத்துக்காட்டி நான் பார்த்ததில்லை.

விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஆமிஷ் தரப்பு வழக்கறிஞர், மாநிலக் கல்வித் துறையின் தலைவருக்குக் கடிதம் எழுதி, சமரசத்துக்கு வழி இருக்கிறதா என்று கேட்டார். பென்சில்வேனியாவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஓர் ஏற்பாட்டை உதாரணமாகக் காட்டினார். அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கசப்பான கதை உண்டு. 1950-களின் தொடக்கத்தில் லங்காஸ்டர் பகுதியில் இதே காரணத்துக்காக ஆமிஷ் தந்தையர் பலர் கைதானார்கள். அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1955-ல் ஆளுநர் ஜார்ஜ் லீடர் காலத்தில் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது.

வழி இதுதான். எட்டாம் வகுப்பு முடித்த ஆமிஷ் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒரு தொழிற்பள்ளிக்கு வர வேண்டும். ஆசிரியரும் ஆமிஷ் இனத்தவரே. ஆங்கிலம், கணக்கு, உடல்நலம், சமூகப் பாடம் நடக்கும். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் வீட்டில், தாய் தந்தையின் கண்காணிப்பில், பண்ணை வேலையும் வீட்டு வேலையும். ஆனால் பிள்ளை தினமும் என்ன செய்தது என்பதை ஒரு நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும்.

அந்த நாட்குறிப்பை நினைத்துப் பாருங்கள். பதினைந்து வயதுப் பெண் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, இன்று எத்தனை மாடு கறந்தேன், எத்தனை சீசாவில் பழம் அடைத்து வைத்தேன், தம்பியின் சட்டைக்கு எவ்வளவு துணி ஆனது என்று எழுதுகிறாள், தாய்மொழியில் எழுதவில்லை, பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில். வாரம் ஒருமுறை ஆசிரியர் அதைப் பார்க்கிறார். வீட்டில் நடப்பது படிப்பு என்று பள்ளி ஒப்புக்கொள்கிறது. அதை எழுத்தில் காட்டுவதற்கு வீடு ஒப்புக்கொள்கிறது. பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போய்வருகிறது. மழுப்பல் என்று அதைச் சிரித்தவர்கள் உண்டு. வாரத்துக்கு மூன்று மணி நேரமெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்கலாம்தான். இருந்தாலும் இரண்டு பக்கமும் மானத்தோடு உட்காரக்கூடிய ஒரு பாய் அது.

அப்பகுதிப் பள்ளிகளுக்கு இணையான கல்வியை அது தராது என்று சொல்லி விஸ்கான்சின் மறுத்துவிட்டது. ஒரு கடிதம், ஒரு மறுப்பு. அத்துடன் பேச்சு முடிந்தது.

மன்ரோ நகரில்

ஆமிஷ் வழக்காடுவதில்லை. ‘உன்னோடு வழக்காடி உன் வஸ்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றிருக்கிறவனுக்கு உன் அங்கியையும் விட்டுவிடு’ என்ற மலைப்பிரசங்க வசனத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவர்கள். அவர்களாக விட்டிருந்தால் வழக்கு எதிர்ப்பின்றியே முடிந்திருக்கும். வில்லியம் லிண்ட்ஹோம் என்ற லூத்தரன் போதகர், ஆமிஷ் மதச் சுதந்திரத்துக்கான தேசியக் குழு என்ற ஒன்றை 1967-ல் அமைத்திருந்தார். அந்தக் குழு வில்லியம் பால் என்ற கத்தோலிக்க வழக்கறிஞரைப் பிடித்தது. லூத்தரன் போதகரும் கத்தோலிக்க வழக்கறிஞரும் சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் தங்கள் இரு சபைகளுமே விரட்டி விரட்டிக் கொன்ற ஒரு கூட்டத்தின் வாரிசுகளுக்காக வாதாடினார்கள்.

1969 வசந்த காலத்தில் கவுண்டித் தலைநகர் மன்ரோவில் விசாரணை. ஆமிஷின் நம்பிக்கை உண்மையானது என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டது. அதனால் சாட்சிகள் வேறு விஷயங்களைப் பேசினார்கள். இவர்களால் தொந்தரவு இல்லை, அரசு உதவித்தொகை கேட்டு வருவதும் இல்லை என்று உள்ளூர் அதிகாரிகள் சொன்னார்கள். ஜான் ஹாஸ்டெட்லர் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஆமிஷ் வீட்டில் பிறந்து, அதைவிட்டு வெளியே வந்து, படித்துப் பேராசிரியராகி, ஆமிஷ் வாழ்க்கையையே ஆய்வு செய்தவர். உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் ஆமிஷ் பிள்ளை என்ன ஆகும் என்பதற்கு அவரே சாட்சியும் சான்றும் என்று குறும்பாகச் சொல்லலாம். உலகத்தில் முன்னேறுவதற்குத்தானே கல்வி என்று அரசு வழக்கறிஞர் கேட்டபோது, அது எந்த உலகம் என்பதைப் பொறுத்தது என்றார் அவர். ஒரு வழக்கின் மொத்தச் சிக்கலையும் இப்படி ஒற்றை வரியில் சொன்ன சாட்சிகள் குறைவு.

ஃப்ரீடாவும் சாட்சி சொன்னாள். மூன்று பிள்ளைகளில் கூண்டில் ஏறியவள் அவள் ஒருத்திதான். போன செப்டம்பரிலிருந்து நீ பள்ளிக்குப் போகாததற்கு உன் மதம்தான் காரணமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அது ஒன்றுதான் காரணமா? ஆமாம். ஆவணத்தில் இருக்கும் அவள் குரல் பெரும்பாலும் இந்த மாதிரிதான். பதினைந்து வயதுப் பெண். எதிரே குற்றம் சாட்டப்பட்ட தகப்பன். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்கும் வக்கீல். இதைப் பிள்ளையின் விருப்பம் என்று வைத்துக்கொள்ளலாமா என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அவள் மனதாரச் சொல்லியிருக்கலாம். எட்டாண்டு அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைகளில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், கொஞ்சமாவது தெரிந்திருக்குமோ என்னவோ.

நீதிபதி மூவரையும் குற்றவாளிகள் என்று தீர்த்து, தலைக்கு ஐந்து டாலர் அபராதம் விதித்தார். மேல்முறையீட்டில் 1971-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த முறை விடாதது மாநில அரசு. ஐந்து டாலரை நிலைநாட்ட வாஷிங்டனுக்குப் போனது.

தீர்ப்பு

1971 டிசம்பர் 8-ல் வாதம். 1972 மே 15-ல் தீர்ப்பு. புதிதாக வந்திருந்த நீதிபதிகள் பவல், ரென்குயிஸ்ட் இருவரும் பங்கேற்கவில்லை. மற்ற ஏழு பேரில் தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதியதே பெரும்பான்மைத் தீர்ப்பு. ஆமிஷ் வென்றார்கள். கூடுதலாக ஓரிரு ஆண்டு பள்ளியில் உட்காரவைப்பதால் அரசுக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம்; அதனால் அந்தச் சமூகத்தின் வாழ்க்கைமுறைக்கு வரும் கேடு பெரியது என்பது சாரம். பண்ணையில் நடப்பதும் ஒரு தொழிற்கல்விதான் என்று ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்கல்விக்காரர்கள் இந்த வெற்றியைக் கொண்டாடும்போது ஒரு பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்று நூற்றாண்டாக ஒரே ஒழுங்கில் வாழ்ந்து காட்டியவர்கள் என்பதால்தான் இந்த விலக்கு, இப்படி நிரூபிக்க வெகுசிலரால்தான் முடியும் என்று பர்கர் எழுதினார். ஒருவன் தன் சொந்தச் சிந்தனையால் ஊர் வழக்கத்தை மறுக்கிறான் என்றால், ஊரைவிட்டு வால்டன் குளக்கரையில் தனித்து வாழப் போன எழுத்தாளர் தோரோவைப் போல, அது தத்துவம், அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார். பள்ளி சரியில்லை, பாடத்திட்டம் சரியில்லை, என் பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பும் பெற்றோர், எந்த நாட்டவராக இருந்தாலும், ஆமிஷைவிடத் தோரோவுக்கே நெருக்கம். அவர்களுக்கு இந்தத் தீர்ப்பில் கதவு சாத்தியே இருக்கிறது. 1983-ல் வட கரோலினாவில் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு குடும்பம் யோடர் தீர்ப்பைத் துணைக்குக் கூப்பிட்டது. நீங்கள் ஆமிஷ் இல்லையே என்ற பொருள்பட மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இன்னொரு நீதிபதி வில்லியம் டக்ளஸ். ஏழு பேரில் அவர் மட்டும் பாதி விலகி நின்றார். ஃப்ரீடா வாய் திறந்து சொல்லியிருக்கிறாள், ஆகவே யோடரைப் பொறுத்தவரை சம்மதம். மற்ற இரண்டு பிள்ளைகளை யாரும் கேட்கவே இல்லையே என்றார். அந்தப் பையன் பியானோ வாசிக்க ஆசைப்படலாம், விண்வெளி வீரனாகவோ கடலாய்வாளனாகவோ ஆக ஆசைப்படலாம். இந்தத் தீர்ப்பால் ஆபத்துக்கு உள்ளாவது பெற்றோரின் எதிர்காலம் அல்லவே, பிள்ளையின் எதிர்காலம் அல்லவா என்று கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெற்றோர்தான், பிள்ளைகள் வழக்கில் கட்சிக்காரர்களே இல்லை என்று பெரும்பான்மை பதில் சொன்னது. சட்டப்படி சரியான பதில். பிள்ளையைப் பற்றிய வழக்கில் பிள்ளை கட்சிக்காரர் இல்லை என்பதைவிடச் சரியாக இந்த வழக்கை விவரிக்க முடியாது.

அதற்குப் பிறகு விஸ்கான்சினில்

நியூ கிளாரஸ் வழக்கு முடிந்து பத்தாண்டில் அதே மாநிலத்தில் இன்னொரு தகப்பன் அதே சட்டத்தில் மாட்டிக்கொண்டார். அவோகா என்ற ஊரின் லாரன்ஸ் போபன்ஸ். இவர் ஆமிஷ் அல்லர். பிள்ளைகள் தாம் நடத்தும் தனியார் பள்ளியில் படிப்பதாகச் சொன்னார். அது பள்ளியே இல்லை என்றார் பள்ளி வட்டாரத்தின் நிர்வாகி. தனியார் பள்ளி என்றால் என்ன என்று சட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. துறை வெளியிட்டிருந்த பெயர்ப்பட்டியலில் இருந்தால் பள்ளி, இல்லாவிட்டால் இல்லை என்பது நிர்வாகியின் அளவுகோல். வேறு ஊர் நிர்வாகியின் அளவுகோல் வேறாக இருக்கலாம். 1983-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், வரையறையே இல்லாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று விடுவித்தது. உண்மையில் அந்த மாநிலத்தின் வீட்டுக்கல்விப் பெற்றோருக்குக் கதவைத் திறந்தது இந்த வழக்குத்தான். யோடர் வழக்கின் புகழ் இதற்கு இல்லை.

பதறிப்போன சட்டமன்றம் 1984-ல் சட்டம் இயற்றியது. வீட்டில் பாடம் சொல்லும் பெற்றோர் ஆண்டுக்குக் குறைந்தது 875 மணி நேரம் கற்பிக்க வேண்டும். வாசிப்பு, மொழி, கணக்கு, சமூகப் பாடம், அறிவியல், உடல்நலம் என்று ஆறு பாடம். ஆசிரியர் சான்றிதழ் தேவையில்லை, தேர்வும் இல்லை. பென்சில்வேனியாவின் நாட்குறிப்புப் போல எதையும் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. பெற்றோர் கேட்டதற்கும் மேலேயே கிடைத்தது என்று சொல்லலாம். வயலோரத்து டீச்சரிடம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போன வழக்கம் மட்டும் அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இல்லை.

அந்தச் சட்டமே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பள்ளிகளில் தலைக்கணக்கு எடுப்பதும் இன்றும் செப்டம்பரின் மூன்றாவது வெள்ளிக்கிழமைதான். வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் அக்டோபர் 15-க்குள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அது நேரே மாநிலக் கல்வித் துறைக்குப் போகிறது. கையெழுத்துப் பெற்றோருடையது.